கிரிப் சுழன்றால் வண்டி உங்கள் கையில் இல்லை

பட்டறைக்கு எந்த மவுண்டன் பைக் வந்தாலும், செயினைப் பார்ப்பதற்கு முன்னால் ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் ரப்பர் உறைகளான இரண்டு கிரிப்களையும் இறுக்கிப் பிடித்து, மோட்டார் சைக்கிளில் ஆக்சிலரேட்டரை முறுக்குவது போல முறுக்கிப் பார்ப்பேன். கொஞ்சம் அசைந்தாலும் அதுதான் முதல் வேலை. கியர் சரியில்லை என்று வண்டியைக் கொண்டுவந்தவர் "கிரிப்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். நான் விடுவதில்லை. பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதை அழுத்தும் கை நிற்கிற இடம் சுழன்றுகொண்டிருந்தால் பயனில்லை.

ஓர் இளைஞர் புது ரப்பர் கிரிப்களைத் தானே மாட்டியிருந்தார். இறுக்கமாக இருக்கிறதே என்று பாத்திரம் கழுவும் சோப்பை உள்ளே தடவியிருக்கிறார். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டது. காய்ந்த பிறகு நன்றாகப் பிடித்தும் இருந்தது. ஒரு மாதம் கழித்து மழையில் இறக்கத்தில் வரும்போது, உள்ளே படிந்திருந்த சோப்பு நனைந்து வலது கிரிப் அப்படியே கையோடு கழன்று வந்துவிட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. அந்த கிரிப்பைப் பிறகு நான் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்பக்கம் இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

சோப்பு, எண்ணெய், கிரீஸ் மூன்றுமே ஆகாது. காயம் துடைக்கப் பயன்படுத்தும் ஸ்பிரிட் போதும். பழைய கிரிப்பைக் கழற்றியதும் ஹேண்டில்பாரைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். புது கிரிப்பின் ஒரு முனை மூடியிருந்தால் சரி, திறந்திருந்தால் கட்டை விரலால் அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு ஸ்பூன் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி, மிச்சத்தைக் குழாயின் மேல் விட்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். திருப்பிச் சரிசெய்ய சில நொடிகள்தான் கிடைக்கும். பிறகு ஓர் இரவு முழுக்கத் தொடாதீர்கள். ஸ்பிரிட் ஆவியாகிவிடும், ரப்பர் உலோகத்தைக் கவ்விக்கொள்ளும்.

பூட்டு வளையம் உள்ள லாக்-ஆன் கிரிப் வாங்கினால் இந்தப் பாடு இல்லை. மவுண்டன் பைக் ஹேண்டில்பாரில் கை பிடிக்கும் பகுதி 22.2 மில்லிமீட்டர் விட்டம்தான் என்பதால் பெரும்பாலும் எது வாங்கினாலும் பொருந்தும். சின்ன அலன் கீயால் திருகை இறுக்கினால் முடிந்தது. கார்பன் ஹேண்டில்பாராக இருந்தால் மட்டும் கை பலத்தை நம்பாமல், எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது இன்னொன்று: ஹேண்டில்பாரின் திறந்த முனை. வண்டியைச் சுவரில் சாய்த்துச் சாய்த்து, கீழே விழவிட்டு, கிரிப்பின் முனை ரப்பர் கிழிந்து உலோகக் குழாய் வெளியே தெரியும். குழாயின் முனையை அடைக்கும் மூடியான பிளக் எப்போதோ விழுந்திருக்கும். சின்னப் பிள்ளைகளின் வண்டியில் இதை அடிக்கடி பார்க்கிறேன். விழும்போது முன் சக்கரம் திரும்பும், குழாயின் முனை நேராக வயிற்றைப் பார்த்து நிற்கும். உடம்பின் எடை மொத்தமும் அந்தச் சின்ன வட்டத்தின் மேல் இறங்கும். கல்லீரல், மண்ணீரல், கணையம் எல்லாம் இப்படி அடிபடுவது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். வெளியே ஒரு வட்டத் தடம் மட்டும் தெரியும், உள்ளே காயம் பெரிதாக இருக்கலாம். பிள்ளைக்கு ஹேண்டில் முனை வயிற்றில் குத்தியிருந்தால், "லேசான கன்றல்தானே" என்று வீட்டில் வைத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சைக்கிள்களுக்கான ஐஎஸ்ஓ 4210 தர விதியே ஹேண்டில்பாரின் இரு முனைகளும் மூடியிருக்க வேண்டும் என்கிறது. பிளக் இல்லாத வண்டியை நான் திருப்பிக் கொடுப்பதே இல்லை.

இனி பார் எண்ட், அதாவது ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் முன்பக்கம் நீளும்படி மாட்டும் சின்னக் கூடுதல் பிடி. 1990களில் மவுண்டன் பைக் ஹேண்டில்பார்கள் நேராகவும் 60 சென்டிமீட்டருக்குக் குறுகலாகவும் இருந்தன. அப்போது பார் எண்ட் மாட்டிய வண்டிகளை நிறையப் பார்க்கலாம். இப்போதைய 75, 80 சென்டிமீட்டர் அகல ஹேண்டில்பாரில், மரங்கள் நெருங்கிய பாதையில், அது கிளையில் கொக்கி போல மாட்டும். அப்படி ஓட்டுபவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். நீண்ட ஏற்றம் ஏறுபவர்களுக்கும், மணிக்கணக்கில் ஒரே பிடியில் ஓட்டிச் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறவர்களுக்கும் நிஜமாகவே உதவும். உள்ளங்கையின் ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துவதால்தான் அந்த மரப்பு. பிடியை மாற்றினால் அழுத்தம் இடம் மாறும். ஆனால் கை பார் எண்டில் இருக்கும்போது விரலுக்கடியில் பிரேக் கிடையாது. இறக்கத்திலும் நெரிசலிலும் கை உள்ளே வந்துவிட வேண்டும்.

வாங்கும் முன் உங்கள் ஹேண்டில்பார் அதைத் தாங்குமா என்று பாருங்கள். கார்பன் குழாய்களிலும் எடை குறைத்த அலுமினியக் குழாய்களிலும் முனைச் சுவர் மெல்லியதாக இருக்கும், பார் எண்டைக் குழாயோடு இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப் அதை நசுக்கிவிடும். தயாரிப்பாளர் மாட்டலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் மாட்டுங்கள். எழுதவில்லை என்றால் வேண்டாம்.

கிளாம்ப் உட்கார முனையில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு இடம் வேண்டும். ஆகவே கிரிப், பிரேக் லீவர், கியர் ஷிஃப்டர் எல்லாம் அதே அளவு உள்ளே நகர வேண்டும். பலர் கிரிப்பை மட்டும் தள்ளி லீவர்களை அதன்மேல் நெருக்கிவிடுகிறார்கள், விரல் எட்டாமல் போகிறது. நகர்த்தியபின் ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கேபிள் எங்கும் இழுபடவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

கோணத்துக்கு, சீட்டில் உட்கார்ந்து பார் எண்டைப் பிடியுங்கள், மணிக்கட்டு வளையாமல் முன்கையோடு நேராக இருக்கும் நிலையில் நிறுத்துங்கள். தரைக்கு இணையாக இருப்பதைவிடச் சற்றே மேலே தூக்கி நிற்கும், அவ்வளவுதான். கொம்பு போல நட்டுக்குத்தலாக வைத்தால் விழும்போது உங்களைத்தான் குத்தும். அதில் அச்சிட்டிருக்கும் டார்க் அளவுக்கு இறுக்கிவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உடம்பின் பாரத்தைப் பார் எண்டின் மேல் போட்டு அழுத்துங்கள். அது சுழன்று கீழே இறங்கினால் இன்னும் இறுக்கத் தோன்றும், வேண்டாம். கழற்றி, இரண்டு பரப்பையும் துடைத்து, திரும்ப மாட்டுங்கள். அதன் முனைக்கும் பிளக் உண்டு, மறக்காதீர்கள்.

கடைசியில் கிளாம்பிலிருந்து ஹேண்டில்பார் வரை மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். நகர்ந்தால் கோடு உடைந்து காட்டும். முதல் சவாரிக்குப் பிறகும், ஒவ்வொரு முறை விழுந்த பிறகும் அந்தக் கோட்டைப் பாருங்கள். பலமாக விழுந்திருந்தால் கோடு நேராக இருந்தாலும் பார் எண்டைக் கழற்றி, கிளாம்ப் இருந்த இடத்தில் நகத்தை ஓட்டுங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்த ஹேண்டில்பாரை மாற்றிவிடுங்கள்.