நியூட்: ஓர் ஓவியக் கலைச்சொல்லின் பொருளும் அதற்குரிய தமிழும்

ஓவியம், சிற்பம், ஒளிப்படம் ஆகிய கலைகளில், ஆடையில்லாத மனித உடலையே பொருளாகக் கொண்டு அமைக்கப்படும் உருவத்தை ‘நியூட்’ என்பர். உருவப்படம், நிலக்காட்சி என்பவற்றைப் போல இதுவும் ஒரு படைப்பு வகையின் பெயர். ஆடையில்லாத ஒருவர் இடம்பெறும் படங்கள் எல்லாம் இவ்வகைக்குள் வந்துவிடுவதில்லை. சிலுவையில் அறையப்பட்ட ஏசுவின் உடலை ஐரோப்பிய ஓவியர்கள் இடைத்துணி ஒன்றைத் தவிர வேறு ஆடையின்றியே நூற்றாண்டுக் கணக்கில் வரைந்திருந்தாலும், அப்படங்களை யாரும் நியூட் என்று வகைப்படுத்துவதில்லை. அங்கே பொருள் பாடுகளும் மரணமுமே தவிர உடலின் வடிவம் அன்று.

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் ‘நூடுஸ்’. ஆங்கிலத்தின் ‘நேக்கட்’, வடமொழியின் ‘நக்ன’ ஆகியவையும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை என்பது மொழியியலாரின் முடிபு. உரோமானியச் சட்டத்தில் சட்டம் கேட்கும் முறைகள் எதுவும் இல்லாமல் செய்த வெறும் உடன்பாட்டை ‘நூடும் பாக்டும்’ என்றார்கள். ஆகவே தொடக்கத்தில் இச்சொல்லுக்கு ‘மேலே எதுவும் இல்லாத, வெறுமையான’ என்ற பரந்த பொருளே இருந்தது. ஓவியக் கலைச்சொல்லாக இது பிரெஞ்சின் ‘நு’ வழியாக 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. பிரெஞ்சுக்காரர்களுக்கு உடையில்லாத நிலைக்கும் ஓவிய வகைக்கும் ‘நு’ என்ற ஒரே சொல்தான். இசுப்பானியத்தின் ‘தெஸ்னூதோ’வும் அப்படியே. ஜெர்மானியர்கள் இதில் வேறு வழியில் சென்றார்கள்: உடையில்லாத நிலைக்கு ‘நாக்ட்’ என்றும், ஓவிய வகைக்கு ‘ஆக்ட்’ என்றும் இரண்டு சொற்களை வைத்திருக்கிறார்கள். ‘ஆக்ட்’ என்பது செயல், அசைவு என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மாதிரியாக நிற்பவர் எடுக்கும் நிலை அதன் மூலப்பொருள். ஆடை இருப்பதையும் இல்லாததையும் பற்றி அச்சொல் எதுவும் சொல்வதில்லை, ஓவியரின் பார்வையில் முதன்மையானது எதுவோ அதைச் சொல்கிறது. இவற்றுள் ஆகச் சிறந்த கலைச்சொல் இதுவே என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் ‘நேக்கட்’, ‘நியூட்’ என்று இரண்டு சொற்கள் இருந்ததால்தான் அவற்றுக்கிடையே ஒரு கோட்பாடு வளர முடிந்தது. கலை வரலாற்றாளர் கென்னத் கிளார்க் 1956இல் வெளியிட்ட நூலில், ஆடை பறிபோனதால் கூச்சத்துக்கு உள்ளாகும் உடல் முதல் சொல்லுக்கும், கூச்சமின்றிச் சமநிலையோடு நிற்கும் உடல் இரண்டாம் சொல்லுக்கும் உரியது என்று பிரித்தார். நியூட் என்பது கலையின் ஒரு பொருள் அன்று, அது ஒரு கலை வடிவமே என்பது அவருடைய வாதம். 1972இல் கலை விமர்சகர் ஜான் பெர்கர் இதைத் தலைகீழாக்கினார். ஆடையில்லாமல் இருப்பவர் தாமாகவே இருக்கிறார், நியூட் ஆக்கப்படுபவரோ பிறர் பார்ப்பதற்காக வைக்கப்படுகிறார், ஆகவே நியூட் என்பதே ஒருவகை உடைதான் என்றார் அவர். தமிழில் சொல் தேடும்போது இவ்விருவரில் யார் பக்கம் நிற்கிறோம் என்று தீர்மானிக்க வேண்டியதில்லை. நிலைக்கு ஒரு பெயரும் வகைக்கு ஒரு பெயரும் தேவை என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை என்பதைக் கண்டுகொண்டால் போதும்.

இந்த வேறுபாடு ஓவியங்களில் எப்படித் தெரிகிறது என்பதற்குக் கையைக் கவனிப்பதே எளிய வழி. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிராக்சிடெலீஸ் என்ற கிரேக்கச் சிற்பி செய்த, காதல் தெய்வமாகிய அஃப்ரோடைட்டியின் சிலையில், நீராடப் போகும் தெய்வம் ஒரு கையில் ஆடையைப் பிடித்தபடி மறு கையை இடைக்குக் கீழே முன்னால் வைத்திருந்தாள். ஆடை அணிந்த உருவம், அணியாத உருவம் என இரண்டைச் சிற்பி செய்ததாகவும், கோஸ் தீவினர் முன்னதை வாங்கிக்கொள்ள, கினிடோஸ் நகரத்தார் பின்னதை வாங்கிப் பெரும்புகழ் அடைந்ததாகவும் உரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். மூலச் சிலை இன்று இல்லை. உரோமானியப் படிகள் வழியாகவே அந்தக் கை நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஃபுளோரன்ஸ் நகரின் பிரான்காச்சி சிற்றாலயத்தில் இத்தாலிய ஓவியர் மசாச்சோ ஏறத்தாழ 1425இல் தீட்டிய சுவரோவியத்தில், ஏதேன் தோட்டத்திலிருந்து துரத்தப்படும் ஏவாள் அதே நிலையில் தன்னை மறைத்துக்கொள்கிறாள். ஆனால் அவளுடைய வாய் அழுகையில் திறந்திருக்கிறது. பக்கத்தில் ஆதாம் உடலை மறைக்க மறந்து முகத்தைப் பொத்திக்கொண்டு நடக்கிறான். ‘உடுக்கை இழந்தவன் கைபோல’ என்று திருவள்ளுவர் நட்புக்கு உவமை சொன்னாரே, தானாகவே ஓடிச் செல்லும் அந்தக் கை ஏவாளுடையது. அஃப்ரோடைட்டியின் கையோ அமைத்து வைக்கப்பட்ட கை. ஒரே நிலை ஓரிடத்தில் வகையாகவும் மற்றோரிடத்தில் துயரமாகவும் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தச் சுவரோவியத்தின் மேல் இலைகளை வரைந்து உடலை மறைத்தார்கள். 1980களில் நடந்த சீரமைப்பின்போது அவை நீக்கப்பட்டன.

மறைப்பதும் திறப்பதும் இந்த வரலாற்றில் மாறி மாறி நடந்தவை. வத்திக்கானில் உள்ள சிஸ்டைன் சிற்றாலயத்தின் விதானத்தில் மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தபோது, எந்த விவிலியக் கதையிலும் இடம்பெறாத 20 இளைஞர்களை ஆடையின்றி மூலைகளில் அமரவைத்தார். இத்தாலியர்கள் இன்றும் அவர்களை ‘இன்யூதி’, அதாவது ‘ஆடையற்றோர்’ என்றே அழைக்கிறார்கள். அதே சிற்றாலயத்தின் பலிபீடச் சுவரில் 1541இல் அவர் முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியத்துக்கு மறைக்கப்படாமல் இருக்கும் பேறு கிட்டவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்துக்குப் பின் பல உருவங்களின் இடையில் துணி வரையும் வேலை தானியேலே தா வோல்தெர்ரா என்ற ஓவியரிடம் ஒப்படைக்கப்பட்டது. நல்ல ஓவியரான அவருக்குக் ‘காற்சட்டை தைப்பவர்’ என்ற பட்டப்பெயர்தான் மிஞ்சியது.

அஃப்ரோடைட்டியை உரோமானியர் வீனஸ் என்றார்கள். வெனிஸ் ஓவியர்கள் நின்றிருந்த அத்தெய்வத்தைப் படுக்க வைத்தார்கள். ஏறத்தாழ 1510இல் ஜோர்ஜோனே தொடங்கி டிஷியன் முடித்ததாகக் கருதப்படும் உறங்கும் வீனஸும், 1538இல் டிஷியன் வரைந்த உர்பினோவின் வீனஸும் அதற்கான அச்சை வார்த்துக் கொடுத்தன. புராணத்தின் பெயர் இருக்கும்வரை உடல் எவ்வளவு திறந்திருந்தாலும் பெரிய எதிர்ப்பு எழவில்லை. இசுப்பானிய ஓவியர் கோயா அந்தப் பெயரை விட்டபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஏறத்தாழ 1800இல் அவர் வரைந்த பெண் வீனஸ் அல்லள். மாட்ரிட் நகரத்துப் பெண்ணாகிய ‘மாஹா’. அதே பெண்ணை அதே கட்டிலில் ஆடையோடு வரைந்த இணைப்படமும் பிராதோ அருங்காட்சியகத்தில் அருகருகே இருப்பதால், முதல் படத்தில் ஆடை களையப்பட்டிருக்கிறது என்ற உணர்வு பார்ப்பவருக்குத் தவிர்க்க முடியாததாகிறது. 1815இல் சமய விசாரணை மன்றம் கோயாவை அழைத்து விளக்கம் கேட்டது. இந்தப் படத்தின் தலைப்பைத் தமிழில் ‘ஆடை களைந்த மாஹா’ என்று பெயர்ப்பதே பொருந்தும்.

1863இல் வரைந்து 1865இல் பாரிஸின் அரசுக் கலைக் கண்காட்சியாகிய சலோனில் பிரெஞ்சு ஓவியர் மனே காட்சிக்கு வைத்த ‘ஒலிம்பியா’ இதையே இன்னும் கூர்மையாக்கியது. டிஷியனின் வீனஸ் கிடந்த நிலையை மனே அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் கழுத்தில் கறுப்புப் பட்டி, கையில் காப்பு, காலில் செருப்பு, கூந்தலில் பூ, பூங்கொத்தை நீட்டும் கறுப்பினப் பணிப்பெண் என்று எல்லாமே அன்றைய பாரிஸ். இவ்வளவும் அணிந்திருப்பதாலேயே அவள் ஆடை அணியவில்லை என்பது உறைக்கிறது. கூட்டத்தின் சீற்றத்துக்கு அஞ்சிப் படத்தை எட்டாத உயரத்துக்கு மாற்றி மாட்டினார்கள். மனே அதை வரைந்த அதே 1863இல் கபனேல் என்ற ஓவியர் தீட்டிய வீனஸின் பிறப்பு, கடல் அலைமேல் நெளிந்து கிடக்கும் உடல், பேரரசர் மூன்றாம் நெப்போலியனால் விலைக்கு வாங்கப்பட்டது. எது ஆபாசம் என்று இன்று கேட்டால் பலர் கபனேலையே காட்டக்கூடும்.

கலைக்கழகங்களின் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இச்சொல் பெரும்பாலும் அங்கேதான் புழங்கியது. மாதிரியை முன்னே நிறுத்தி வரைந்த பயிற்சிப் படத்தைப் பிரெஞ்சில் ‘அகதெமி’ என்றே அழைத்தார்கள். கழகத்தின் பெயரே படத்துக்கும் பெயராயிற்று. இந்த வகுப்பு இல்லாமல் புராண, வரலாற்று ஓவியம் எழுதத் தேர்ச்சி பெற முடியாது; பெண்களுக்கோ இந்த வகுப்பில் இடமில்லை. லண்டன் அரச கலைக்கழகத்தை 1768இல் நிறுவியவர்களில் ஆஞ்செலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண் ஓவியர்களும் இருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, கழகத்தார் ஆண் மாதிரியைச் சூழ்ந்து நிற்கும் காட்சியை ஸோஃபனி என்ற ஓவியர் வரைந்தபோது, அவ்விருவரும் சுவரில் மாட்டிய உருவப்படங்களாக மட்டுமே இடம்பெற்றார்கள். ஓரளவு துணி சுற்றிய மாதிரியைப் பெண் மாணவர்கள் வரைய அக்கழகம் இசைந்தது 1893இல்தான். பாரிஸில் பயின்ற இந்திய ஓவியர் அம்ரிதா ஷேர்-கில் 1934இல் தம்மையே பசிபிக் தீவான தாஹித்தியின் பெண்ணாக, இடுப்புக்கு மேல் ஆடையின்றி வரைந்த படத்தை இந்தப் பின்னணியோடு பார்க்க வேண்டும். வரைபவரும் வரையப்படுபவரும் ஒரே பெண்ணாக இருப்பது அதற்கு முன் மிக அரிது.

இனித் தமிழ். ஆடையில்லாத நிலைக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. மணிமேகலை, கப்பல் உடைந்து கரையேறிய வணிகன் சாதுவன் ‘நக்க சாரணர் நாகர்’ வாழும் மலைப்பக்கம் சேர்ந்ததாகச் சொல்கிறது. ‘நக்க’ என்பது மேலே கண்ட ‘நக்ன’ என்பதன் தமிழ் வடிவம்; ஆக, இலத்தீன் ‘நூடுஸ்’ என்பதற்கு உறவான ஒரு சொல் தமிழில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குடியேறிவிட்டது. பிச்சாடனராகத் திரிந்த சிவனுக்கும் ‘நக்கன்’ என்பது பெயர். இன்று இச்சொல்லை மீட்டெடுக்கலாம் என்றால், பேச்சுத் தமிழில் ‘நக்கல்’ அருகில் வந்து நின்றுகொள்ளும். ‘அம்மணம்’ என்பது சமணரைக் குறித்த ‘அமணம்’ என்பதன் திரிபு என்பர். தேவாரம் சமணரை அமணர் என்று பழித்த ஏளனம் இன்றும் அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘திகம்பரம்’ திசைகளையே ஆடையாகக் கொள்ளுதல். அழகிய சொல், ஆனால் ஒரு சமயப் பிரிவின் பெயராகிவிட்டது. ‘பிறந்தமேனி’ பேச்சுவழக்குக்கு உரியது. ‘வெற்றுடம்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். சட்டை போடாமல் வேட்டி மட்டும் கட்டிய ஆளைத்தான் தமிழர் அப்படிச் சொல்வது வழக்கம், ஆகவே அது பிழையான படத்தை மனத்தில் எழுப்பும்.

எஞ்சுவது ‘நிர்வாணம்’. வடமொழியில் இதற்கு அணைந்துபோதல் என்பது பொருள். பௌத்தத்தில் அவா அணைந்த வீடுபேறு. தமிழில் இது ஆடையின்மையையும் குறிக்கலானது. உடையையும் பற்றையும் சேர்த்தே துறந்த துறவியரோடு இச்சொல் பழகியதே இம்மாற்றத்துக்குக் காரணம் என்று கருத இடமிருக்கிறது. எப்படி வந்திருந்தாலும், பறிக்கப்பட்டதாக இல்லாமல் தானே விட்டதாக ஒலிக்கும் தன்மை இதற்கு இருக்கிறது. கிளார்க் சொன்ன கூச்சமின்மைக்கு இது அம்மணத்தைவிட நெருக்கமானது. ‘அரை நிர்வாணம்’ மட்டும் விலக்கு. சட்டையைக் கழற்றிவிட்டு நடத்தும் போராட்டங்களைச் செய்தித்தாள்கள் அப்படி எழுதி எழுதி, அத்தொடருக்கு வறுமையும் எதிர்ப்பும் பொருளாகிவிட்டன. ஷேர்-கில்லின் படத்துக்கு ‘மேலாடையற்ற’ என்று எழுதுவதே நல்லது.

நிர்வாணம் என்பது நிலையின் பெயராக ஏற்கெனவே வழங்குவதால், வகையைக் குறிக்க அதோடு ‘உருவம்’ என்பதைச் சேர்த்து ‘நிர்வாண உருவம்’ என்றும், படைப்பைக் குறிக்க ‘நிர்வாண ஓவியம்’ என்றும் எழுதலாம். ‘நிர்வாணப் பெண்ணின் ஓவியம்’ என்றால் ஒரு பெண்ணின் நிலையைச் சொல்கிறோம். ‘பெண் நிர்வாண உருவம்’ என்றால் ஓர் ஓவிய வகையைச் சொல்கிறோம். இது வெறும் இலக்கண நுணுக்கம் அன்று. பிரெஞ்சு ஓவியர் மார்செல் துஷாம்ப் 1912இல் வரைந்த படத்தைத் தமிழில் ‘மாடிப்படி இறங்கும் நிர்வாணப் பெண்’ என்று பெயர்ப்பவர்கள் உண்டு. பிரெஞ்சுத் தலைப்பில் பெண் இல்லை. படத்தில் இருக்கும் பழுப்புத் தகடுகளிலும் ஆணா பெண்ணா என்று பிரித்தறிய எதுவும் இல்லை. பாரிஸில் அந்த ஆண்டுக் கண்காட்சிக்கு வந்த அதைத் தோழமை ஓவியர்களே ஏற்கத் தயங்கி, தலைப்பையாவது மாற்றச் சொன்னார்கள். சாய்ந்து கிடப்பதே இவ்வகை உருவத்துக்கு இயல்பு, படியிறங்குவது கேலி என்று அவர்களுக்குப் பட்டது. சண்டையே வகையின் பெயரைப் பற்றியது என்பதால், ‘படியிறங்கும் நிர்வாண உருவம்’ என்றால்தான் அது தமிழில் விளங்கும்.

நீதிமன்றச் செய்திகளை மொழிபெயர்ப்போருக்கும் இச்சொற்களில் கவனம் வேண்டும். 1954இல் பம்பாய் ஜஹாங்கீர் கலைக்கூடத்தில் வைத்த ஓவியங்களுக்காக ஓவியர் அக்பர் பதம்சீ கைது செய்யப்பட்டு, பின்னர் விடுவிக்கப்பட்டார். 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆடையில்லாத படம் என்பதாலேயே அது ஆபாசமாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. 2024இல், பதம்சீ, சூசா ஆகியோரின் ஓவியங்களைச் சுங்கத்துறை பறிமுதல் செய்ததை ரத்து செய்து பம்பாய் உயர் நீதிமன்றமும் இதே பிரிவினையை வலியுறுத்தியது. வேடிக்கை என்னவென்றால், வடமொழியில் ‘ஆபாசம்’ என்பதற்கு வெறும் தோற்றம், போலி என்பதே பொருள். தருக்க நூல்களில் போலிக் காரணத்தை ‘ஹேத்வாபாசம்’ என்பர். தமிழில் அது இழிந்த காட்சிக்குப் பெயராயிற்று. ‘நிர்வாணப் படம்’ என்ற தொடரும் இன்று கைப்பேசிக் குற்றச் செய்திகளோடு சேர்ந்துவிட்டதால், கலையைப் பற்றி எழுதுவோர் ‘படம்’ என்பதை விட்டு ‘ஓவியம்’, ‘சிற்பம்’, ‘உருவம்’ என்று குறிப்பாக எழுத வேண்டும்.

மாதிரியைப் பார்த்து வரையும் பயிற்சியை ‘உடல் வரைவு’ எனலாம். கலைக்கல்லூரிகளில் ‘லைஃப் ஸ்டடி’ என்பது ஊறிப்போன வழக்கு, அதை எழுதுவதிலும் தவறில்லை. தனித்தமிழ் விரும்புவோர் ‘ஆடையிலா உருவம்’ என்று எழுதலாம், பொருள் கெடாது. ‘நிர்வாணம்’ என்பதை ‘நிருவாணம்’ என்று எழுதுவது பழைய மரபு, இரண்டும் சரியே. புணர்ச்சியில் ‘நிர்வாண ஓவியம்’ என இயல்பாகவும், ‘நிர்வாணச் சிற்பம்’ என ஒற்று மிகுந்தும் வரும்.