ஆசிரியர்களின் களைப்பும் அவர்களின் பிரார்த்தனையும்

தேர்வு மாதங்களிலும் தேர்தல் நேரத்திலும் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும் ஆசிரியர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தூக்கம் வரவில்லை, தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது, ஞாயிறு சாயங்காலம் ஆனாலே நெஞ்சு படபடக்கிறது என்றுதான் ஆரம்பிப்பார்கள். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருவதைப் பெண் ஆசிரியர்கள் கூச்சத்தோடு கடைசியில் சொல்வார்கள். வகுப்பை விட்டு நகர முடியாததால் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்கள் அவர்கள்.

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். பல பள்ளிகளில் ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். எமிஸ் என்னும் கல்வித் துறை இணையதளத்தில் வருகைப் பதிவு, எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்துக்கான மதிப்பீடு, பாடக்குறிப்பு, விலையில்லாப் பொருள்களின் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். இதற்கு நடுவில் பாடமும் நடத்த வேண்டும். கல்விசாராப் பணிகளுக்கு ஆசிரியர்களை அனுப்பக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 27ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் மூன்றுக்கும் அதிலேயே விலக்கு உண்டு. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலராக (பிஎல்ஓ) இருந்த ஆசிரியர்கள் படிவங்களோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அதற்குச் சற்று முன், செப்டம்பர் 1 அன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் டெட் என்னும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது அது. அனுபவம் மிக்க ஆசிரியர்கள் பலர், வீட்டு வேலையெல்லாம் முடிந்த பிறகு, இரவில் புத்தகத்தோடு உட்கார்ந்தார்கள்.

"இதையெல்லாம் எப்படித் தாங்குறீங்க?" என்று கேட்பேன். "பஸ்ல போகும்போது ஜெபமாலை சொல்லிடுவேன்", "மதியம் லுஹர் தொழுதுட்டா மனசு லேசாயிடும்", "விளக்கேத்திட்டு முருகன் முன்னாடி கொஞ்ச நேரம் உட்காருவேன்" என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் தொழிலில் சிலர் இதைக் கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெபமாலையையோ மந்திரத்தையோ சொல்லும்போது மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு நிதானப்படுவதை, இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001இல் பிஎம்ஜே என்னும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியது. 23 பேரிடம் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் ஆசிரியர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது.

மூச்சைத் தாண்டி நான் பார்ப்பது வேறு. ஓர் ஆசிரியர் நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு, பெற்றோருக்கு, தலைமையாசிரியருக்கு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பிரார்த்தனையில் மட்டும்தான் அவர் கேட்கலாம், புலம்பலாம், அழலாம். அங்கே அவரை யாரும் மதிப்பிடுவதில்லை.

ஆனால் எல்லாப் பிரார்த்தனையும் ஆறுதல் தருவதில்லை. கடவுள் துணை இருக்கிறார் என்ற எண்ணம் தாங்குகிறது. கடவுள் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் துன்பத்தைக் கூட்டுகிறது. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். "நான் சரியா வேண்டிக்கலை, அதான் இப்படி" என்று ஒருவர் சொல்லும்போது அங்கே நின்று பேச வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே ஐந்து மணி நேரம்தான் தூங்குகிறார், அதையும் குறைத்துக்கொண்டு நாலு மணிக்கு எழுந்து பூஜை செய்கிறார், விரதமும் சேர்த்துக்கொள்கிறார். அப்படிப்பட்டவர்களிடம், கொஞ்ச நாளுக்குச் சுருக்கமாகக் கும்பிடுங்கள், முதலில் தூங்குங்கள் என்பேன். சாமிக் காரியத்தைக் குறைக்கச் சொன்னதில் அவர்களுக்கு வருத்தம் இருக்கும். கூடவே ஒரு நிம்மதியும் தெரியும்.

எனக்குக் கோபம் வருவது இன்னொன்றில். விடுப்பு கேட்டு வரும் ஆசிரியரிடம் "கடவுளை வேண்டிக்குங்க டீச்சர், சரியாயிடும்" என்று சொல்லி அனுப்புவது. அடுத்தவர் பக்தியைக் காட்டி அவர் பாரத்தை அவர் தலையிலேயே திரும்ப வைப்பது சரியல்ல. பணிச்சோர்வு என்பது சரிவரக் கையாளப்படாத வேலையிட நெருக்கடியால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்தது. அப்படியென்றால் வேலையிடத்திலும் ஏதாவது மாற வேண்டும்.

தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பில்லாமை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. மருந்து எடுத்துக்கொண்டால் நம்பிக்கை குறைந்துவிட்டதாக அர்த்தமில்லை. குரல் கம்மியே இருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மதிய இடைவேளையில் ஒருவர் சாப்பாட்டு வரிசையைப் பார்த்துக்கொள்ளும்போது மற்றவரைப் பத்து நிமிடம் கூப்பிடாமல் விடுங்கள், மறுநாள் ஆளை மாற்றிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் அவர் தொழுகிறாரா, ஜெபிக்கிறாரா, கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா என்று யாரும் கேட்க வேண்டாம்.