தறி நின்னா கொழந்த ஏன் முழிக்குது?

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறி ஓடற வீட்டுல பொறந்த கொழந்தைகளப் பாத்திருக்கீங்களா, செவுத்துக்கு அந்தப் பக்கம் எட்டுத் தறி தடதடன்னு ஓடிட்டு இருக்கும், நாம பேசறது நமக்கே கேக்காது, ஆனா அது பாட்டுக்கு ரெண்டு கையையும் விரிச்சுப் போட்டுட்டு தூங்கும். ராத்திரி கரண்ட் போயி தறி நின்னுச்சுன்னா முழிச்சுட்டு அழும். எங்க அம்மிச்சி, அதான் அம்மாவோட அம்மா, வீடு அப்படி ஒரு வீடுதானுங்க. சத்தம் நின்னா எதுக்கு முழிக்கோணும்னு சின்ன வயசுல இருந்தே எனக்கு ஒரு கேள்வி. என் பையன் பொறந்து, ராத்திரி ரெண்டு மணிக்கு அவனைத் தோள்ல போட்டுட்டு நடந்த நாள்லதான் இதையெல்லாம் தேடித் தேடிப் படிச்சேன். தாலாட்டு எப்படி வேலை செய்யுதுங்கறதுக்கும் பதில் இதே எடத்துலதான் இருக்குது.

கண்ணுக்கு இமை இருக்குது, காதுக்கு அப்படி ஒண்ணும் இல்லீங்க. தூங்கறப்பவும் காது கேட்டுட்டேதான் இருக்கும். ஆனா மூளை எல்லா சத்தத்துக்கும் நம்மள எழுப்பாது, அடுத்து என்ன வரும்னு தெரிஞ்ச சத்தத்தை ஒதுக்கி வெச்சுடும், திடீர்னு ஏதாச்சும் மாறுனாத்தான் எழுப்பும். தறி ஓடறது அதுக்குப் பழகிப்போன சத்தம், நிக்கறதுதான் மாற்றம். அதோட ஒரே மாதிரி சத்தம் ஓடிட்டு இருந்தா பாத்திரம் விழறது, நாய் கொலைக்கறது எல்லாம் அதுக்குள்ள அமுங்கிப் போயிரும். 1990-ல வந்த ஒரு ஆய்வுல பொறந்து சில நாளே ஆன 40 கொழந்தைகளை ரெண்டு குழுவாப் பிரிச்சு, ஒரு குழுவுக்கு மட்டும் சோன்னு மழை பெய்யற மாதிரி இரைச்சலைப் போட்டு விட்டிருக்காங்க. அந்த 20 பேர்ல 16 பேர் அஞ்சு நிமிசத்துக்குள்ள தூங்கிட்டாங்க, சத்தம் போடாத 20 பேர்ல 5 பேர்தான். இதைப் படிச்சுட்டு தறிச் சத்தம் கொழந்தைக்கு நல்லதுன்னு நெனச்சுறாதீங்க. 85 டெசிபலுக்கு மேல நாள் பூரா கேட்டா பெரியவங்க காதே கெட்டுப் போகும், நம்ம ஊருல தறி ஓட்டுனவங்க எத்தனை பேர் வயசான காலத்துல காது கேக்காம இருக்காங்க. போன்ல இரைச்சல் ஆப் போடறவங்களும் அதைத் தலைமாட்டுல வெக்காம, ஏழு அடியாச்சும் தள்ளி, சத்தத்தைக் கொறச்சு வெக்கோணும்.

தாலாட்டு செய்யறதும் இதே வேலைதான், காதைக் கெடுக்காம செய்யுது, அவ்வளவுதான் வித்தியாசம். மெதுவா போகும், ராகம் ரொம்ப மேல ஏறாது ரொம்பக் கீழ எறங்காது, ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். 'ஆராரோ ஆரிரரோ'ன்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, க, ட, ப மாதிரி வெட்டுன எழுத்து ஒண்ணு கூட இல்ல, எல்லாம் உயிரோசையும் ரகரமும்தான், மூச்சு எங்கயும் முட்டாம வழுக்கிட்டுப் போகும். தால்னா நாக்கு, நாக்கை ஆட்டிப் பாடறதால தாலாட்டுன்னு சொல்லுவாங்க. பிள்ளைத்தமிழோட பத்துப் பருவத்துல மூணாவது தாலப்பருவம், அப்ப இது புலவர்களுக்கும் பெரிய விசயமாத்தான் இருந்திருக்குது.

பாட்டோட அர்த்தம் கொழந்தைக்கு வேணுமான்னா, வேண்டாமுங்க. 2021-ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து ஆளுங்க 144 கொழந்தைகளுக்கு, அதுங்க கேட்டே இராத வேற வேற நாட்டு மொழிப் பாட்டைப் போட்டுக் காட்டி அளந்திருக்காங்க. தாலாட்டு ஓடறப்ப மத்த பாட்டைக் காட்டிலும் இதயத்துடிப்பு எச்சாக் கொறஞ்சிருக்குது, கண்ணுப் பாப்பாவும் சுருங்கியிருக்குது, ரெண்டும் ஒடம்பு தளர்றதுக்கான அடையாளம். நம்ம தாலாட்டுல மாமன் சீர் கொண்டுட்டு வர்றதும், அத்தை அடிச்சாளா மாமன் அடிச்சானான்னு கேக்கறதும் பாடற அம்மாவுக்கானதுன்னுதான் நான் நெனக்கறேன். நாள் பூரா யார்கிட்டயும் சொல்ல முடியாததை அவ அங்க சொல்லிக்கிறா. மெதுவாப் பாடோணும்னா மூச்சை நீட்டி விடோணும், மூச்சு நீண்டா பாடறவ இதயமும் மெதுவாகும், நெஞ்சோட அணைச்சிருக்கற கொழந்தைக்கு அதுவும் போயிச் சேரும்.

ஆனா குரல் யாரோடதுங்கறது கொழந்தைக்கு முக்கியம். வயித்துக்குள்ள ஆறு மாசம் ஆகறப்பவே காது வேலை செய்ய ஆரம்பிச்சுடுது, தண்ணியத் தாண்டி வார்த்தை மங்கலாத்தான் போகும், ராகமும் தாளமும் நல்லாவே போகும். 1980-ல டிகாஸ்பர், ஃபைஃபர்ங்கற ரெண்டு பேரு பொறந்து மூணு நாளுக்குள்ள இருந்த கொழந்தைக வாயில ஒரு ரப்பர் காம்பைக் குடுத்து, அது சப்பற விதத்தைப் பொறுத்து அம்மா குரலோ வேற ஒரு பொம்பளை குரலோ கேக்கற மாதிரி செஞ்சு பாத்தாங்க, கொழந்தைக அம்மா குரல் வர்ற மாதிரியே சப்பக் கத்துக்கிச்சுக.

அடுத்து தூளி, எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி இதுதானுங்க. உட்காதுக்குள்ள தலை எந்தப் பக்கம் அசையுதுன்னு சொல்ற உறுப்பு இருக்குது, பொடிப்பொடியா சுண்ணாம்புக் கல்லு கூட அதுல இருக்குது. 2019-ல ஜெனீவாவுல பெரியவங்களை ஆடற கட்டில்ல நாலு செகண்டுக்கு ஒரு ஆட்டம்னு ராத்திரி பூரா ஆட்டுனாங்க, அவங்க சீக்கிரம் தூங்குனதோட ஆழ்ந்த தூக்கமும் எச்சாயிருச்சு. அதே வருசம் எலியை வெச்சுப் பண்ணுன ஆய்வுல, அந்தக் கல்லு வேலை செய்யாத எலிகளுக்கு ஆட்டறதால எந்தப் பலனும் இல்ல. ஆக, ஆட்டறப்ப தூக்கம் வர்றது இந்தக் கல்லு வழியாத்தான்.

இதுல நம்ம சேலைத் தூளிக்கு ஒரு தனி அழகு இருக்குது. தூளிங்கறது ஒரு ஊசல், அது ஒரு ஆட்டம் போயிட்டு வர எவ்வளவு நேரமாகும்ங்கறத அதோட நீளம்தான் முடிவு பண்ணும், கொழந்த எடையோ நாம எவ்வளவு வேகமாத் தள்ளறோம்ங்கறதோ பெருசா மாத்தாது. உத்திரத்துல இருந்து கொழந்த படுத்திருக்கற எடம் வரைக்கும் ரெண்டு மீட்டர் இருந்தா ஒரு ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 2.8 செகண்டு ஆகும். போறப்ப ஆராரோ, வர்றப்ப ஆரிரரோ. ஈரோட்டுப் பக்கம் மஞ்சக் காட்டுல வேப்பமரத்துக் கிளையில கட்டுன தூளி இன்னும் நீளம், அங்க பாட்டும் இன்னும் மெதுவாத்தான் போகோணும். தாளம் போடறது தூளி, நாம அது பின்னாடி பாடறோம். கையை எடுத்துட்டாலும் ஆட்டத்தோட அகலம்தான் கொறையும், தாளம் மாறாது.

ஒரு எச்சரிக்கை சொல்லிர்றேன். ரொம்பப் பச்சக் கொழந்தைக்குத் தூளிக்குள்ள தாடை நெஞ்சுல முட்டி மூச்சுக்கொழல் மடங்கற ஆபத்து இருக்குது, அதனால தூங்குனப்பறம் சமமான கெட்டியான படுக்கையில மல்லாக்கப் படுக்க வெக்கச் சொல்றாங்க டாக்டருங்க.

படுக்க வெக்கறதுதான் கஷ்டம்னு பெத்தவங்களுக்குத் தெரியும். பொறந்த கொழந்த தூக்கத்துக்குள்ள நொழையறதே கண்ணு உருள, ஒதடு சிரிக்கற மேலோட்டமான தூக்கத்துலதான், நரி வெரட்டுதுன்னு சொல்லுவோமே, அப்ப தொட்டாலே முழிச்சுக்கும். ஜப்பான்ல 2022-ல அழற கொழந்தைகளை வெச்சுப் பாத்ததுல, அஞ்சு நிமிசம் நிக்காம தூக்கிட்டு நடந்தா அழுகை அடங்குது, தூங்குனதும் கீழ போடாம இன்னும் அஞ்சுல இருந்து எட்டு நிமிசம் மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தா முழிக்கறது கொறையுது. முதுகு மெத்தையில படறதைக் காட்டிலும், அம்மா ஒடம்பை விட்டுப் பிரியற அந்த நேரத்துலதான் இதயத்துடிப்பு தூக்கிப் போடுது.

எங்க அம்மிச்சிக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது, ஆனா கொழந்த தூங்குனதும் அவங்க பாட்டை டக்குனு நிறுத்த மாட்டாங்க. மொதல்ல வார்த்தை போகும், அப்பறம் ராகம் மட்டும் ம்ம்ம்னு இருக்கும், அதுவும் தேஞ்சு வெறும் மூச்சாகும், அதுக்கப்பறமும் தூளியில கை இருக்கும்.