பழைய மைப்பேனை வாங்குமுன்: நுனியில் தொடங்குங்கள்

1957 வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்தது. அந்தக் காலத்துக் கொன்வே ஸ்டூவர்ட், ஸ்வான், பார்க்கர் பேனைகள் இங்குள்ள பழைய வீடுகளின் லாச்சிகளில் இன்னும் கிடந்தால் ஆச்சரியமில்லை. விற்க வருபவர் மினுக்கிய உடலைத்தான் முதலில் காட்டுவார். நீங்கள் மூடியைக் கழற்றி நிப்பைப் பாருங்கள். மற்றப் பாகங்களில் பலவற்றை மாற்றலாம், நுனி போனால் பேனையே போனது.

இவற்றின் நிப் பெரும்பாலும் தங்கம். அது மென்மையானது, தாளில் உரசினால் தேய்ந்துவிடும். அதனால் நிப்பின் முனையில் ஓஸ்மியம், இரிடியம் போன்ற கடின உலோகங்களின் கலவையில் ஒரு சிறு மணியைப் பொருத்தி, நடுவே பிளந்திருப்பார்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு வில்லையால் பார்த்தால் இரு பாதிகளும் ஒரே அளவில், ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் சரிவாகத் தட்டையாகியிருந்தால், முன்பு எழுதியவர் பிடித்த கோணத்துக்கு அது தேய்ந்திருக்கிறது. உங்கள் கையில் கீறும். ஒரு பாதி மணி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். புது மணி வைக்கும் கூலி, சாதாரணப் பேனையின் விலையைத் தாண்டிவிடும். நிப்பின் நடுத்துளையிலிருந்து ஓடும் மயிரிழை வெடிப்பும் அப்படித்தான். வளைந்த நிப்புக்குப் பயப்பட வேண்டாம். 14 கரட் தங்கத்தைத் தெரிந்தவர் நிமிர்த்திவிடுவார்.

பிறகு நிப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். பிளவு துளையிலிருந்து நுனிவரை படிப்படியாக ஒடுங்க வேண்டும். மை எப்போதும் குறுகிய இடைவெளியை நாடியே நகரும். நுனியில் பிளவு அகன்றிருந்தால், மை பாதியிலேயே நின்று தாளுக்கு வராது.

உடலின் பக்கத்தில் மை நிரப்பும் நெம்பு வைத்த பேனையைக் காதருகே ஆட்டுங்கள். கலகலவென்று கேட்டால் உள்ளே மை நிறையும் றப்பர் பை காய்ந்து நொறுங்கியிருக்கிறது. அது குறையே அல்ல. புதுப் பையை அரக்கால் ஒட்டிவிடலாம். நெம்பு இறுகியிருந்தால் பை கல்லாகிவிட்டது என்று பொருள், விற்பவரைப் பலமாக இழுக்க விடாதீர்கள். நெம்போ, அது பொருந்தியிருக்கும் பள்ளமான பொழியோ உடையும். தடையே இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் பை இல்லை, அல்லது பையை அமுக்கும் உருக்குத் தகடு துருப்பிடித்து விழுந்துவிட்டது. நமது உப்புக்காற்றில் இரண்டாவதையும் சந்தேகியுங்கள். நெம்பின் பொழிக்குள் டோர்ச் அடித்தால் துருக்கறை தெரியும்.

மூடியின் வாய் விளிம்புதான் அதிகம் வெடிக்கும் இடம். அளவுக்கு மீறித் திருகியவர்கள் செய்யும் சேதம் அது. சாய்வான வெளிச்சத்தில் மெல்லச் சுழற்றி, நகத்தால் விளிம்பைத் தடவுங்கள். நகம் தட்டுப்பட்டால் வெடிப்பு.

உடலைப் பெருவிரலால் வேகமாகத் தேய்த்து முகருங்கள். கந்தக வாடை வந்தால் எபொனைட் என்ற கந்தகம் சேர்த்து இறுக்கிய றப்பர், கற்பூர வாடை வந்தால் செலுலொயிட் என்ற பழைய பிளாஸ்ரிக். எபொனைட் வெளிச்சத்திலும் ஈரத்திலும் பழுப்பாகும், அது இயல்பு. கன்னங்கரேலென்று மினுங்கி, பொறித்த எழுத்து மட்டும் மங்கியிருந்தால் அரத்தாளால் தேய்த்திருக்கிறார்கள். செலுலொயிட்டில் மூடியின் நிறத்தையும் உடலின் நிறத்தையும் ஒப்பிடுங்கள். றப்பர் பை விடும் கந்தக ஆவி உடலைக் கறுக்கச் செய்யும், அது திரும்பாது. பழைய கொன்வே ஸ்டூவர்ட் சில, பாற்புரதமான கேசீனால் ஆனவை. அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்தால் ஊதிக் கெட்டுவிடும்.

1948 முதல் வந்த அமுக்கி நிரப்பும் பார்க்கர் 51 வேறு வகை. அதன் குழாய் றப்பர் அல்ல, பிளாஸ்ரிக். பெரும்பாலும் இன்றும் வேலை செய்யும். நிப்பைத் தண்ணீரில் வைத்துக் குழாயை அமுக்கி விடுங்கள். சில தடவைக்குள் குமிழ்கள் நிற்க வேண்டும். விடாமல் குமிழ் வந்தால் குழாய் கிழிந்திருக்கிறது. நிரம்பியதும் நிப்பைக் கீழ்நோக்கி 5 நிமிடம் பிடியுங்கள். உள்ளிருக்கும் நீரை வெளிக்காற்றின் அழுத்தம் தாங்கிப் பிடிக்கும். எங்கோ காற்று கசிந்து உள்ளே போனால்தான் சொட்டும்.

பாதி நிரம்பிய பேனையை வைத்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். 25 பாகையில் இருந்த காற்று 35 பாகைக்குச் சூடானால் ஏறத்தாழ 3 சதவீதம் விரியும். திருகோணமலை வெயிலில் சட்டைப்பையில் வைத்த நல்ல பேனையும் அப்போது ஒரு சொட்டுத் தள்ளும்.