பிரைமர்: சுவர்ப் பூச்சு அல்ல, பற்றுமருந்து

பிரைமர் என்றதும் பலருக்குச் சுவர்தான் நினைவுக்கு வரும். பெயின்டுக்கு முன்னால் அடிக்கிற வெள்ளைப் பூச்சு. வேட்டைத் துப்பாக்கி வைத்திருப்பவர் பிரைமர் என்றால் அது வேறு; விரல் நுனியில் அடங்கும் ஓர் உலோகக் குப்பி. இரண்டுக்கும் தாய்ச்சொல் ஒன்றுதான். லத்தீனில் 'பிரீமுஸ்' என்றால் முதல். அங்கே முதல் பூச்சு, இங்கே முதல் தீ.

குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கியில்தான் இந்தச் சொல்லின் பொருள் கண்ணுக்குத் தெரியும். பழைய சக்கிமுக்கித் துப்பாக்கியில் குழலுக்குள் ஒரு மருந்து, வெளியே சின்னக் கிண்ணியில் கொஞ்சம் நைசான மருந்து. கல் எஃகில் உரசிப் பொறி விழுந்ததும் கிண்ணி மருந்து பற்றும். அந்தத் தீ ஒரு துளை வழியே உள்ளே போய்ப் பெரிய மருந்தைக் கொளுத்தும். கிண்ணியில் மருந்து இடுவதற்குத்தான் ஆங்கிலத்தில் முதலில் 'பிரைம்' செய்வது என்று பெயர். அந்தத் துளைக்குத் தமிழில் பற்றுவாய் என்று அழகான சொல் இருக்கிறது. தீ பற்றும் வாய்.

இந்த ஏற்பாட்டில் வேட்டைக்காரருக்கு ஒரு தொல்லை. கிண்ணி எரியும் வெளிச்சத்தைப் பார்த்ததுமே, குண்டு வருவதற்குள், பறவை எழும்பிப் போய்விடும். ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் ஃபோர்சைத் என்ற பாதிரியார், அவரும் பறவை வேட்டைக்காரர்தான், அடித்தால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு 1807இல் காப்புரிமை வாங்கினார். அதன் வழியில் பிற்பாடு செப்புக் கேப்பு வந்தது; அந்த மருந்தை உள்ளே வைத்த சின்னத் தொப்பி. இப்போதைய இன்லைன் துப்பாக்கிகளில், அதாவது பற்றவைக்கும் பாகம் குழலுக்கு நேர்க்கோட்டில் அமைந்தவற்றில், பெரும்பாலும் 209 என்ற எண்ணுள்ள பிரைமர். அது ஷாட்கன் எனும் சில்லுக்குண்டுத் துப்பாக்கியின் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. மருந்துக்கு நேர் பின்னால் உட்காருவதால் தீ சுற்றிவளைக்காமல் போகும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'முதன்மி' போன்ற ஆக்கங்கள் லத்தீன் வேரைப் பிடித்துக்கொண்டு வேலையைக் கோட்டை விடுகின்றன. 'எரியூட்டி' என்றால் சுடுகாட்டு நினைவு வருகிறது. பற்றுவாய் ஏற்கெனவே இருக்கும்போது, உள்ளிருக்கும் பொருளுக்குப் பற்றுமருந்து, அதைச் சுமக்கும் உலோகத்துக்குப் பற்றுக்குப்பி என்பதே என் கட்சி. பேச்சில் கேப்பு என்றால் போதும்.

அதேபோல் 'பவுடர்' என்பதைத் தூள் என்று எழுதுவோரும் உண்டு. தூள் எதற்கு, மருந்து இருக்கிறதே! வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது கருமருந்து. நோய் தீர்க்கும் சொல் இதற்கு எப்படி வந்தது என்று வியக்க வேண்டாம். சீனத்தில் இதன் பெயரே 'தீ மருந்து'. அங்கே வெடியுப்பும் கந்தகமும் முன்பே மருந்துச் சரக்குகள். பாரசீக 'தாரு'வுக்கும் தெலுங்கு 'மந்து'வுக்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு.

மருந்தையும் கேப்பையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. கருமருந்து சட்டென்று பற்றும். சக்கிமுக்கிப் பொறியே போதும். இதன் ரகத்தை எஃப் எழுத்துகளால் குறிப்பார்கள்; எஃப் கூடக் கூட மணி சிறுக்கும். .50 அளவு (அரை அங்குல விட்டம்) குழலுக்குப் பொதுவாக இரண்டு எஃப், சிறிய குழலுக்கு மூன்று, கிண்ணிக்கு நான்கு. கருமருந்துக்குப் பதிலாக விற்கும் பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்து பற்ற அதிக வெப்பம் வேண்டும். சக்கிமுக்கியில் அது சண்டித்தனம் செய்யும். பிளாக்ஹார்ன் 209 என்ற இன்னொரு மாற்று மருந்து தனக்கு வேண்டிய பிரைமரைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. டிரிபிள் செவன் என்ற மாற்று மருந்துடன் சூடான 209 போட்டால் குழலுக்குள் கெட்டியான கசடு வளையம் படியும். அதனால் சூடு குறைந்த 209களும் விற்கிறார்கள்.

இக்காலத் தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்கும் பெயரில் 'மருந்து' இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. அதற்கென்றே செய்யப்படாத துப்பாக்கியில் போட்டால் குழலே வெடிக்கும்.

இன்னொரு பெயர்க் குழப்பம் 'கிரெயின்'. நம் நெல்லெடை போல, தானிய மணியிலிருந்து வந்த எடை அது. ஆனால் பைரோடெக்ஸ் 80 கிரெயின் என்றால் எடை அல்ல. 80 கிரெயின் கருமருந்து அடைக்கும் இடத்தின் அளவு. தராசில் வைத்தால் குறைவாகவே காட்டும். குழாய் அளவியால்தான் அளக்க வேண்டும். எத்தனை என்பதைத் துப்பாக்கியின் கையேடு சொல்லும்.

கடைசியாக, சொற்பயன்பாட்டுக்கு ஒரு வாக்கியம்: 'கேப்பு வெடித்தது, மருந்து பற்றவில்லை.' இதைச் சொல்ல நேர்ந்தால் குழலை யார் பக்கமும் திருப்பாமல், இலக்கை நோக்கியே பிடித்துக்கொண்டு, குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மருந்து சில சமயம் தாமதமாகப் பற்றும்.