ஐந்தில் இரண்டு: மேலிருந்தா, கீழிருந்தா?

சிங்கப்பூரின் தெம்பனிஸில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசை. பாட்டி கேக்கை ஐந்து துண்டாக வெட்டிவிட்டு, தொடக்கநிலை நான்கில் படிக்கும் அக்கா மகளிடம் கேட்டார்: "அஞ்சுல ரெண்ட நீ எடுத்துக்கிட்டா, அதக் கணக்குல எப்படிம்மா எழுதுவ?" அவள் மளமளவென்று 5 எழுதி, கோடு போட்டு, அடியில் 2 எழுதினாள். "ரெண்டரை கேக் ஆச்சே! இங்க ஒண்ணுதானே இருக்கு?" என்றாள் அக்கா.

பிள்ளைக்குப் பின்னம் தெரியும். பள்ளியில் கணக்குப் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது; 'டூ ஃபிஃப்த்ஸ்' என்று கேட்டிருந்தால் சரியாகவே எழுதியிருப்பாள். காதில் எது முதலில் விழுந்ததோ அதைக் கை மேலே எழுதிவிட்டது.

தமிழ் முழுதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பங்கை எடுக்கும். பக்கத்து வீட்டு மாண்டரினும் அப்படியே: 'ஐந்து பங்கில்' என்று தொடங்கி 'இரண்டு' என்று முடியும். மலாயில் 'துவா பெர் லீமா', அதாவது இரண்டுதான் முன்னால். ஆங்கிலத்திலும் இரண்டே முன்னால். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் இரண்டு இந்தப் பின்னத்தைக் கீழிருந்து மேலே வாசிக்கின்றன, இரண்டு மேலிருந்து கீழே. எழுதும்போது மட்டும் நான்கு பேரும் ஒன்றுபோல் 2/5 என்றே எழுதுகிறோம். தமிழ் எழுத்து ஒலியைக் காட்டுகிறது. கணிதக் குறி பொருளைக் காட்டுகிறது. அதனால்தான் அதை அவரவர் இலக்கணப்படி வாசிக்க முடிகிறது. (தமிழிலேயே 'முக்கால்' மேலிருந்து வருகிறது: மூன்று கால். இது எனக்கு மிகவும் பிடித்த சொல்.)

இந்தக் குறிகளும் ஒரு காலத்தில் சொற்களாக இருந்தவைதான். 1557இல் வேல்ஸ்காரரான ராபர்ட் ரெக்கார்டு, 'இதற்குச் சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதும் அலுப்பைத் தவிர்க்க இரண்டு இணைகோடுகளைப் போட்டார். இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்று காரணமும் சொன்னார். அந்தக் குறிதான் கணித வாக்கியத்தின் பயனிலை. '3 + 5' என்பது வெறும் சொற்றொடர்; '3 + 5 = 8' என்றால்தான் வாக்கியம் முடிகிறது. பல பிள்ளைகள் இந்தக் குறியை 'விடையை எழுது' என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறார்கள். 8 + 4 = □ + 5 என்று கொடுத்தால் கட்டத்தில் 12 போடுவார்கள். இரு பக்கமும் சமம் என்று வாசிப்பவருக்கு 7 வரும்.

பின்னத்தைவிடக் கழித்தலில் இந்த இலக்கண வேறுபாடு பளிச்சென்று தெரியும். 'எட்டிலிருந்து மூன்றைக் கழி', 'மூன்றை எட்டிலிருந்து கழி'. இரண்டும் ஒன்றே. 'இருந்து', 'ஐ' என்ற உருபுகள் எண்ணோடு ஒட்டிக்கொண்டு எது எதிலிருந்து போகிறது என்று சொல்லிவிடுவதால், சொற்களை எப்படி மாற்றினாலும் பொருள் கெடாது. கணிதத்தில் எண்களுக்கு உருபு கிடையாது. எந்த எண் எங்கே நிற்கிறது என்பதே உருபின் வேலையைச் செய்கிறது. 8 − 3 என்றால் 5. இடம் மாறி 3 − 8 என்றால் −5. தமிழில் நினைத்துப் பழகிய பிள்ளை வரிசையைப் பொருட்படுத்தாமல் எழுதுவது கவனக்குறைவு என்று நான் நினைக்கவில்லை. தன் மொழியின் விதியைத்தான் அது நம்புகிறது. அந்த வேறுபாட்டை வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

தமிழின் வாக்கிய அமைப்பு கணிதத்துக்கு அப்படியே பொருந்தும் இடமும் உண்டு. (2 + 3) × 4 என்று எழுத அடைப்புக்குறி தேவை. இல்லாவிட்டால் பெருக்கல் முந்திக்கொண்டு 14 வந்துவிடும். 1924இல் போலந்து நாட்டுத் தர்க்கவியலாளர் யான் உகாசியேவிச், செயலை முன்னால் வைத்து எழுதினால் அடைப்புக்குறியே வேண்டாம் என்று கண்டார். அதைத் திருப்பிப் போட்டு, செயலைக் கடைசியில் வைக்கும் முறையும் வந்தது. 1972இல் வெளிவந்த எச்பி-35 கால்குலேட்டர் அந்த முறையில்தான் இயங்கியது. அந்த முறையில் இந்தக் கணக்கை இப்படி எழுதலாம்: 2 3 + 4 ×.

இதை வாய்விட்டுப் படியுங்கள்: 'இரண்டையும் மூன்றையும் கூட்டி, நான்கால் பெருக்கு.' ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. வினையை வாக்கியத்தின் கடைசியில் வைப்பது நம் மொழியின் இயல்பு. கூட்டு என்று சொல்வதற்குள் எதைக் கூட்டுவது என்று தெரிந்துவிடுகிறது. 'கூட்டி' என்ற வினையெச்சம் கிடைத்த விடையை அடுத்த செயலுக்குக் கொண்டுபோகிறது. இயந்திரமும் எண்களை முதலில் வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, செயல் வந்ததும் மேலே உள்ள இரண்டை எடுத்துக் கணக்கிட்டு, விடையை அதே அடுக்கில் வைக்கிறது.

கேக் தீர்ந்த பிறகு அவளிடம் 3/8 என்று எழுதிக் கொடுத்து, பாட்டிக்குத் தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். விரல் முதலில் மேலே போனது, பிறகு இறங்கிக் கீழே நின்றது. "எட்டுல..." என்று இழுத்து, கோட்டைத் தாண்டி ஏறி, "மூணு" என்றாள்.