அம்பல எழுத்து: ‘மக்ரேக்கிங்’ என்பதற்குத் தமிழ்ச் சொல்

பொருள்: ஒரு தொழிலில் மூடி மறைத்து நடக்கிற கேட்டை, அளவும் சான்றும் வைத்து எழுதிப் பொதுவில் போட்டு, சட்டமோ வழக்கமோ மாறும்படி செய்கிற எழுத்து. ஆங்கிலத்தில் மக்ரேக்கிங், எழுதுகிறவர் மக்ரேக்கர். எண்ணெய்க் கம்பெனி, நகராட்சி என்று எதைப் பற்றியும் இப்படி எழுதலாம். ஆனால் உணவைப் பற்றி எழுதியபோதுதான் இதன் வேகம் முழுதாகத் தெரிந்தது.

பிறப்பு: ‘மக்’ என்றால் தொழுவில் கிடக்கும் சாணமும் சகதியும். ‘ரேக்’ அதை வாரும் பல் வைத்த கோல். ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யன் ‘பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்’ என்ற தம் பயணக் கதையின் இரண்டாம் பாகத்தில் (1684) ஒருவனைக் காட்டுகிறார். தலைக்கு மேலே ஒருவர் விண்முடியை நீட்டிக்கொண்டு நிற்க, இவன் நிமிர்ந்தே பார்க்காமல் குப்பையை வாரிக்கொண்டிருக்கிறான். அந்தப் பன்யன் கதையைத் தழுவித்தான் திருநெல்வேலிக் கரையிருப்பில் பிறந்த கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) பாடினார். ஆகவே சொல் நமக்குப் புதிதானாலும் அது முளைத்த கதை நெல்லைக்குத் தெரிந்த கதைதான்.

1906 ஏப்ரல் 14 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் இந்தக் குப்பை வாரியை மேடைக்கு இழுத்தார். கேட்டை எழுதுகிறவர்கள் தேவைதான், ஆனால் வாருவதை எப்போது நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். திட்டாக விழுந்த சொல்லை எழுத்தாளர்கள் பட்டமாகச் சூடிக்கொண்டார்கள்.

அதே ஆண்டு பிப்ரவரியில் அப்டன் சின்கிளேரின் ‘தி ஜங்கிள்’ புத்தகமாக வந்திருந்தது. 1904இல் சிகாகோ இறைச்சிக் கிடங்குகளில் ஏழு வாரம் சுற்றிப் பார்த்து எழுதிய நாவல் அது. அவர் சொல்ல வந்தது அங்கே வேலை பார்த்துச் சீரழிந்த கூலிக்காரர்களின் பாடு. படித்தவர்கள் பதறியதோ தங்கள் தட்டில் விழுந்த இறைச்சியை நினைத்து. நீல், ரெனால்ட்ஸ் என்ற இருவரை அனுப்பி ரூஸ்வெல்ட் விசாரித்தார். ஜூன் 30இல் இறைச்சி ஆய்வுச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் ஒரே நாளில் கையெழுத்தாயின. மக்களின் நெஞ்சுக்குக் குறிவைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்றார் சின்கிளேர். கூலிக்காரர்களின் நிலையை அந்த இரு சட்டங்களும் தொடவில்லை.

அதற்கு அரை நூற்றாண்டு முன்பே லண்டனில் மருத்துவர் ஹாசல் கடைகடையாகக் காப்பித்தூளும் மாவும் வாங்கி, நுண்ணோக்கியில் பார்த்து, கடைக்காரர் பெயரோடும் முகவரியோடும் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார் (1851 முதல் 1854 வரை). 1860இல் கலப்படச் சட்டம் வந்தது. பகுப்பாய்வாளரை அமர்த்துவது உள்ளூர் நிர்வாகத்தின் விருப்பம் என்று விட்டதால் அது நொண்டியது. 1875இல் வேறு சட்டம் போட வேண்டியிருந்தது.

வழங்கும் தமிழ்ச் சொற்கள்: ‘புலனாய்வு இதழியல்’ என்று பலர் எழுதுகிறார்கள். அது முறையின் பெயர். எதற்காக என்பதைச் சொல்லாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘சேறு வாரி’ என்றால் வேறு வம்பு. தமிழில் சேற்றை வாரி இறைப்பது அவதூறு பேசுவது. பொருள் நேர் எதிராகப் போய்விடும். நம் பக்கத்து வாருகால் (சாக்கடை) தூர் வாரும் வேலையை உவமை சொல்லலாம், ஆனால் பெயராக நிற்காது.

பொருத்தமானது ‘அம்பல எழுத்து’. அம்பலம் என்றால் பலரும் கூடும் பொதுவெளி, மன்று. செங்கோட்டையைத் தாண்டி மலையாளத்துக்குள் போனால் கோயிலே அம்பலம். வழிப்போக்கர் தங்கும் மண்டபம் வழியம்பலம். கூத்தன் ஆடும் ஐந்து அம்பலங்களில் இரண்டு நெல்லைச் சீமையில் இருக்கின்றன: நெல்லையப்பர் கோயில் தாமிரசபை, குற்றாலம் சித்திரசபை. மூடிக் கிடந்தது பொதுவெளிக்கு வந்தால் ‘அம்பலமாயிற்று’ என்பது இன்றும் வீட்டுப் பேச்சு. எழுதுகிறவரை ‘அம்பலவாணர்’ என்று அழைக்க ஆசை வரும். அந்தப் பெயர் ஏற்கெனவே ஆடுகிறவருக்குப் போய்விட்டது. ‘அம்பல எழுத்தாளர்’ போதும்.

ஒலியில் பக்கத்தில் நிற்கும் பழஞ்சொல் ‘அம்பல்’. அகப்பாட்டில் சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். அது விரிந்து ஊரெல்லாம் பேசுவது அலர். கைபேசியில் சுற்றும் பிளாஸ்டிக் அரிசிக் காணொளி அலர்தான், அம்பல எழுத்து ஆகாது. எந்தக் கடை, எந்த நாள், எத்தனை கிலோ, யார் சோதித்தார் என்ற நான்கும் அதில் இருக்காது.

வழக்கில் பார்க்க: கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் பங்குனி தொடங்கி ஆடி வரை பதநீர்க் காலம். புளிக்காமலிருக்க, பதநீர் இறங்கும் மண் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். விடிலியில் (பதநீர் காய்ச்சும் குடிசை) காய்ச்சும்போது பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போட்டு, பாகு பதமானதும் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். வெள்ளைச் சீனி மிக மலிவு என்பதால் சீனியைக் கரைத்துப் பாகோடு சேர்த்துச் சிரட்டையில் ஊற்றுவதே இங்கே நடக்கும் கலப்படம்.

இதை எழுதப் போகிறவர் தடுமாறும் இடங்கள் உண்டு. கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்தால் அடியில் வெள்ளைக் கசடு நிற்கும். சாக்பீஸ் தூள் என்று படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். கலயத்துச் சுண்ணாம்பும் அப்படித்தான் அடியில் தங்கும். நல்ல கருப்பட்டியிலும் அது இருக்கும். அடுத்து, சீனி கலந்திருக்கிறதா என்று சோதிக்கக் கொடுத்தால் ‘சுக்ரோஸ் உள்ளது’ என்று அறிக்கை வரும். பதநீரின் இனிப்பும் பெருமளவு சுக்ரோஸ்தான். அந்த ஒரு வரியால் எதுவும் நிரூபணமாகாது. கரும்பும் பனையும் காற்றிலிருந்து கரியை (கார்பன்) எடுக்கும் வழி வேறு வேறு. அதனால் கரி ஐசோடோப்பு விகிதம், அதாவது கனமான கரி அணுவும் லேசான கரி அணுவும் எந்த அளவில் என்று, பார்த்தால் கரும்புச் சீனி பிடிபடும். அதற்கான கருவி எல்லாச் சோதனைக் கூடத்திலும் கிடையாது. கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெய்யிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. நெய்யில் கலக்கும் வனஸ்பதியைக் காட்டிக்கொடுக்கவே வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்கச் சட்டம் வைத்தார்கள். அப்படிக் கலந்த நெய்யோடு அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சிட்டிகைச் சீனியும் சேர்த்துக் குலுக்கினால் அடியில் சிவப்பு நிற்கும். அல்வாக் கிண்டும் இடத்தில் நல்லெண்ணெய் தொட்ட கரண்டி நெய்யில் விழுந்திருந்தாலும் அதே சிவப்பு வரலாம். ஆகவே மாதிரியை மூடி முத்திரையோடு புதிதாக வாங்க வேண்டும்.

வாங்குகிறவரே மாதிரியைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டத்தின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. கட்டணம் உண்டு. சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அதிகாரி எடுத்தால் மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படும். அரசுப் பகுப்பாய்வுக் கூடம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது.

சொல்லிலும் கவனம் தேவை. அந்தச் சட்டம் ‘தரம் குறைந்தது’, ‘பொய்யான விவரச்சீட்டு உள்ளது’, ‘பாதுகாப்பற்றது’ என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவதற்கு 5 லட்சம் ரூபாய் வரை, இரண்டாவதற்கு 3 லட்சம் வரை தண்டம். சிறை வருவது மூன்றாவதற்கு. சீனிக் கருப்பட்டி பொதுவாக முதல் இரண்டில்தான் விழும். அதை ‘விஷம்’ என்று தலைப்பிட்டால் எழுதியவரே வழக்கில் மாட்டுவார். உண்மை என்பது மட்டும் காப்பாற்றாது. உண்மையாகவும், பொதுநன்மைக்கு வேண்டியதாகவும் இருந்தால்தான் குற்றவியல் அவதூறுச் சட்டம் விலக்கு தருகிறது.

கூடத்தைவிட வலுவான சான்று ஒன்று உண்டு, கணக்கு. ஒரு டன் கருப்பட்டி என்றால் 8,000 முதல் 10,000 லிட்டர் பதநீர். கார்த்திகையில் ஒருவர் டன் டன்னாக விற்றால், எந்தத் தோப்பு, எத்தனை மரம், எத்தனை பனையேறிகள் என்று கேட்கலாம். பழைய சரக்கைப் பரணில் புகைபட வைத்திருந்து விற்பதும் வழக்கம் என்பதால், கோடையில் எவ்வளவு வாங்கினார் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். இந்தக் கணக்கு பனையேறியிடம்தான் இருக்கும். தினம் இருவேளை மரம் ஏறுகிறவருக்கு எந்த வியாபாரி எவ்வளவு எடுத்தார், என்ன விலை கொடுத்தார் என்று தெரியும். சீனிச் சரக்கு விலையை இறக்குவதால் முதலில் அடிபடுகிறவரும் அவர்தான். ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பார்கள். சிகாகோவிலும் அதுதான் நடந்தது. கருப்பட்டியில் கூடம் கைவிடும் இடத்தில் அந்த ஏழை சொல்தான் சான்று. அவர் சொன்ன லிட்டர்க் கணக்கும், அவருக்குக் கிடைத்த கிலோ விலையும் கட்டுரையின் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும்.